விளம்பரக் காணொளியில் இல்லாத காலைப் பத்து மணி விரிவுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விளம்பரக் காணொளிகள் நம் பிள்ளைகளின் கைபேசிகளில் குவியத் தொடங்கிவிடும். விண்ணப்பத்தில் யூனிகோட்களை (எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் கற்கைநெறி என்று காட்டும் குறியீடுகளை) எந்த ஒழுங்கில் போடுவது என்று மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் வீட்டார் கூடிப் பேசும்போது, மாணவர் கைநூலைவிட இந்த இரண்டு நிமிடப் படம்தான் முன்னுக்கு நிற்கிறது. பிள்ளையின் இசட் புள்ளி (அனுமதிக்காகக் கணிக்கப்படும் தரப்படுத்திய புள்ளி) எட்டியவற்றில் மேலே எழுதியது எதுவோ அதுவே கிடைக்கும். பிறகு மாற்றுவது கடினம். அதனால் அந்தப் படம் எடுக்கப்படும் விதத்தைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டு நிமிடத்துக்குள் ஏறத்தாழ ஐம்பது துண்டுக் காட்சிகள் வரும். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று விநாடி. உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழுத்தும். ஆகவே வெளிக்காட்சிகளைக் காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்தான் எடுக்க விரும்புவார்கள். அந்நேரம் வளாகத்தில் கூட்டம் இராது. சொல்லிவைத்து வரவழைத்த நாலைந்து பேரே எல்லா இடத்திலும் நடப்பார்கள். நூலகத்தில் புத்தகம் புரட்டியவர் அடுத்த நொடி வெள்ளை அங்கியோடு நிற்பார், பிறகு கரப்பந்தும் அடிப்பார். படத்தை நிறுத்தி நிறுத்தி முகங்களை எண்ணிப் பாருங்கள். விநாடிக்கு 50 சட்டகம் (தனிப்படம்) எடுத்து 25 இல் ஓடவிட்டால் விரிவுரைக்கு ஓடுகிறவரும் ஆறுதலாக உலாவுவதுபோல் தெரிவார். அகன்ற கோண வில்லை சின்ன அறையையும் மண்டபமாக்கிவிடும். கார்த்திகை, மார்கழி மழை ஒரு படத்திலும் பெய்வதில்லை.

ஆய்வுகூடக் காட்சியைக் கிட்டப் பாருங்கள். குடுவையில் நிறநீர். ஒருவர் குழாயியை (திரவம் அளக்கும் குழாயை) தலைக்கு மேலே தூக்கிப்பிடித்துச் சிரிக்கிறார். உண்மையில் அளவெடுக்கிறவர் நீர்மட்ட வளைவின் அடிப்பாகம் கண்மட்டத்துக்கு வரும்படி பிடித்து, அசையாமல் பார்ப்பார். மேலே தூக்கினால் வாசிப்பு பிழைக்கும். பிழைத்தால் திரும்பச் செய்ய வேண்டும், அறிக்கையும் எழுத வேண்டும். மாணவ வாழ்க்கையின் பெரும்பகுதி இந்தத் திரும்பச் செய்தலில்தான் போகிறது. நம் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது பாடச் சுமையின் ஓர் அலகுக்கு, 50 கற்றல் மணித்தியாலம். வருடத்துக்கு 30 கிரெடிட் என்றால் 1500 மணித்தியாலம். படத்தில் அதில் ஒரு மணித்தியாலத்தையாவது காண முடியாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது மொழி. பின்னணிக் குரல் தங்குதடையில்லாத ஆங்கிலம், கீழே தமிழ் வரி கிடையாது. பல கற்கைநெறிகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளைக்கு முதலாம் வருடம் இரட்டை வேலை: முதலில் சொல்லைப் பிடிக்க வேண்டும், பிறகு பொருளைப் பிடிக்க வேண்டும். எல்லாரும் சிரிக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை, விளங்காத முதல் கிழமையிலேயே தன்னில்தான் குறை என்று ஒடுங்கிப்போகிறது. பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள் என்று படம் ஒரு வரி சொல்லலாமே! விடுதியும் அவ்வாறே. பல வளாகங்களில் முதலாம், இறுதி வருடத்தாருக்கே விடுதியில் முன்னுரிமை, இடைப்பட்டவர்கள் போடிங் (வெளியே வாடகை அறை) தேட வேண்டும். அந்த வாடகையை எந்தக் குரலும் சொல்வதில்லை.

தனியார் நிறுவனப் படமென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின்கீழ் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் போதாது, பட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

படம் எடுப்போரிடம் கேட்பது பெரிய செலவல்ல. முதலாம் வருட விரிவுரையொன்றைக் காலை பத்து மணிக்கு, கடைசி வரிசையிலிருந்து, பாட்டுப் போடாமல், அங்கே கேட்கும் சத்தத்தோடு 60 விநாடி வெட்டாமல் காட்டுங்கள். ஒரு கிழமை நேரசூசியைத் திரையில் பத்து விநாடி நிறுத்துங்கள். பகல் பன்னிரண்டே காலுக்குச் சிற்றுண்டிச்சாலை வரிசையையும் காட்டுங்கள். எடுத்த மாதமும் வருடமும் முதல் சட்டகத்திலேயே, தமிழிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஊடகக் கற்கை ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.