எண் தவறாக வந்தவரின் கதையையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களே,

'பர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய ஜொனாதன் நோலனுக்கும், அவருடன் அதை வழிநடத்திய கிரெக் பிளேஜ்மனுக்கும், ஐந்து பருவங்களில் 103 அத்தியாயங்களை எழுதி முடித்த குழுவினருக்கும், அதே தடத்தில் கண்காணிப்பையும் செயற்கை நுண்ணறிவையும் வைத்து இன்று குற்றக்கதை எழுதிவரும், ரைட்டர்ஸ் கில்ட் ஆஃப் அமெரிக்கா என்னும் திரை எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் இம்மடலை எழுதுகிறேன். தமிழில் எழுதப்படும் மடல் உங்கள் பார்வைக்கு வருவது அரிது என்பதை அறிவேன். ஆயினும் இயந்திரக் கண்காணிப்பு என்றால் என்னவென்று உங்கள் தொடரின் வழியாகவே முதலில் எண்ணிப்பார்த்தவர்கள் தமிழ் பேசுவோரிடையேயும் உண்டு; தமிழ்நாட்டுக் காவல்துறையும் 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. ஆகவே உங்களிடம் நான் கேட்கவிருப்பதை அவர்கள் முன்னிலையில் கேட்பதே முறை என்று கருதினேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஹெரால்ட் ஃபின்ச் என்னும் கணினி மேதை அமெரிக்க அரசுக்காக ஓர் இயந்திரத்தை உருவாக்குகிறார். அது நாட்டின் கேமராக்களையும் தொலைபேசிகளையும் மின்னஞ்சல்களையும் ஓயாமல் படித்து, நடக்கவிருக்கும் கொலையில் தொடர்புடைய ஒருவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணை, அதாவது அமெரிக்கரின் அடையாள எண்ணை, மட்டும் வெளியிடும். அந்த நபர் கொல்லப்படப் போகிறவரா, கொல்லப் போகிறவரா என்பதை அது சொல்லாது. பயங்கரவாதத்தோடு தொடர்பில்லாத சாதாரணக் கொலைகள் 'பொருட்படுத்தத் தகாதவை' என்று ஒதுக்கப்பட்டு ஒவ்வொரு நள்ளிரவிலும் அழிக்கப்படுகின்றன. அப்படி ஒதுக்கப்பட்டவர்களைத் தேடி, முன்னாள் சி.ஐ.ஏ. ஊழியரான ஜான் ரீஸுடன் ஃபின்ச் நியூயார்க் தெருக்களில் இறங்குவதே கதை. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2011 செப்டம்பர் 22 அன்று தொடங்கி 2016 ஜூன் 21 அன்று அது நிறைவுற்றது.

உங்கள் முன்னுணர்வைப் புகழ்ந்து பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் புகழ் தகுதியானதே. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் பகுப்பாய்வாளர் ஒருவர், தம் நாட்டு மக்கள் அனைவரையும் அரசு ஒட்டுக்கேட்கிறது என்று கண்டுபிடித்து உயிருக்கு ஓடும் அத்தியாயத்தை 2012 மே மாதத்தில் ஒளிபரப்பினீர்கள். அதே முகமையின் ஒட்டுக்கேட்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடனின் ஆவணங்கள் வெளிவந்தது 2013 ஜூனில்தான். உங்கள் இரண்டாம் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2012 ஆகஸ்டில், நியூயார்க் காவல்துறை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய கண்காணிப்பு அமைப்பை அறிமுகப்படுத்தியது. கேமராக் காட்சிகளையும் வாகன எண் பதிவுகளையும் காவல் ஆவணங்களையும் ஒரே திரையில் இணைத்த அந்த அமைப்பு வேறு நகரங்களுக்கு விற்கப்பட்டால் வருவாயில் 30 விழுக்காடு நியூயார்க் நகரத்துக்கு என்பதும் அந்த உடன்பாட்டில் இருந்தது. உங்கள் கதையில் அரசுக்கு ஒரே ஒரு டாலருக்கு இயந்திரம் விற்கப்பட்டதை நினைத்தால், கற்பனைதான் கொஞ்சம் நாணயமாக நடந்துகொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் உங்கள் தொடர் ஓரிடத்தில் நடப்புக்கு நேர் எதிர்த் திசையில் போனது. உங்கள் இயந்திரம் தவறு செய்வதில்லை. அது தரும் எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கொலைச் சதி காத்திருக்கும். முதல் அத்தியாயத்தில் ஓர் அரசு வழக்கறிஞரைப் பாதிக்கப்படப் போகிறவர் என்று ரீஸ் எண்ணிக் காக்க முனைய, அவரே சதிக் கும்பலின் தலைமை என்று தெரியவருகிறது. அப்போதும் பிழை ரீஸுடையது, எண் சரியாகவே வந்தது. இரண்டாம் பருவத்தில் அரசின் இரகசியக் கொலையாளிகள் ஒரு நிரபராதியைக் கொன்றிருந்தது வெளிப்படும்போதும் அதற்குக் காரணம் அதிகாரத்தில் இருந்தவர்களின் சூழ்ச்சியாகவே இருந்தது. இயந்திரத்துக்குப் போட்டியாக வந்த சமாரிட்டன் என்னும் இன்னொரு செயற்கை நுண்ணறிவுகூடத் தெரிந்தே கொல்கிறதே ஒழிய ஆள்மாறிக் கொல்வதாக நீங்கள் பெரும்பாலும் காட்டவில்லை.

ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில், சிதைந்துபோன இயந்திரத்தை ஃபின்ச் மீட்டெழுப்பும்போது அது காலக் கணக்கை இழந்து, பழைய நிகழ்வுகளுக்கெல்லாம் எண்களைக் கொட்டி, தன்னைக் காப்பாற்றியவர்களையே எதிரிகளாகக் கருதும் அத்தியாயத்தை நான் மறக்கவில்லை. அது நல்ல அத்தியாயம். என் வருத்தம், அதை ஒரு காய்ச்சலைப் போல நடத்தி ஒரே வாரத்தில் குணப்படுத்திவிட்டீர்கள் என்பதே.

இதன் விளைவு சிறியதன்று. இயந்திரம் தவறாது என்பதை அடித்தளமாக வைத்துக்கொண்டதால், ஐந்து ஆண்டுகளும் உங்கள் கதை கேட்ட பெருங்கேள்வி, இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதாக அமைந்துவிட்டது. நல்லவரான ஃபின்ச் கையிலா, சமாரிட்டனை இயக்கவைத்த கிரியர் கையிலா, அரசின் கையிலா? அது சொல்வது உண்மையா, அதைச் சரிபார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்விகள் பின்னுக்குப் போயின. இயந்திரம் எவரும் உள்ளே எட்டிப்பார்க்க முடியாதபடி மூடிய அமைப்பாக இருப்பதை ஃபின்ச்சின் உயர்ந்த அறமாகவே காட்டினீர்கள். உள்ளே பார்க்க முடிந்தால் அரசு அதைத் தவறாகப் பயன்படுத்தும் என்னும் அவருடைய அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் உங்கள் இறுதி அத்தியாயம் ஒளிபரப்பான மூன்று வாரங்களில், 2016 ஜூலையில், விஸ்கான்சின் மாநில உச்சநீதிமன்றம் லூமிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவர் மீண்டும் குற்றம் செய்யக்கூடுமா என்பதைக் கணித்து மதிப்பெண் தரும் மென்பொருளைத் தண்டனை வழங்கும்போது பார்த்தது செல்லும் என்றது நீதிமன்றம். அதன் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது தயாரித்த நிறுவனத்தின் வணிக இரகசியமாக இருந்ததால், தண்டிக்கப்பட்டவருக்கு அது காட்டப்படவே இல்லை. சில எச்சரிக்கைக் குறிப்புகளோடு அதைப் பயன்படுத்தலாம் என்று மட்டும் நீதிபதிகள் வரையறுத்தனர். கதைக்கு வெளியே, மூடிய பெட்டி இப்படித்தான் பயன்படுகிறது.

உங்கள் கதையின் உண்மையான இரட்டைப்பிறவி சிகாகோவில் இருந்தது. அந்நகரக் காவல்துறை 2013 முதல், துப்பாக்கிச் சூட்டில் தொடர்புபடக்கூடியவர்கள் என்று கணிக்கப்பட்டவர்களின் பட்டியலை வைத்திருந்தது. சுடுபவராகவா, சுடப்படுபவராகவா என்பதை அந்தப் பட்டியலும் பிரித்துச் சொல்லவில்லை; ஏறக்குறைய ஃபின்ச்சின் எண்ணேதான். ராண்ட் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனத்தினர் அதன் தொடக்கப் பதிப்பில் இருந்த 426 பேரை ஆராய்ந்து 2016 இல் முடிவுகளை வெளியிட்டனர். பட்டியலில் இடம்பெற்றதால் எவரும் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதற்கு அறிகுறி இல்லை. ஆனால் துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதுசெய்யப்படும் வாய்ப்பு மட்டும் கூடியிருந்தது. யாரையேனும் கைதுசெய்ய வேண்டியபோது முதலில் புரட்டப்படும் பெயர்ப்பட்டியலாக அது மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

வன்முறைக் குற்றப் பின்னணி எதுவுமில்லாத இளைஞர் ஒருவரின் வீட்டுக்கு அந்தப் பட்டியலைக் காரணமாகக் கொண்டு காவலர்கள் எச்சரிக்க வந்தனர். காவலர்கள் வந்து பேசிவிட்டுப் போனதைக் கண்ட அக்கம்பக்கத்தார் அவரைக் காவல்துறைக்குத் தகவல் கொடுப்பவராகச் சந்தேகித்தனர். பின்னர் அவர் இருமுறை சுடப்பட்டார். தம்மைச் சுடச் செய்தது அந்தக் கணிப்பே என்று அவர் பேட்டியில் கூறினார். சிகாகோ காவல்துறை 2019 இல் பட்டியலைக் கைவிட்டது. கணிப்பே துப்பாக்கிச் சூட்டுக்குக் காரணமாகும் இக்கதை, எழுத்தாளர்கள் கைக்கு வலிய வந்து சேர்ந்த ஒன்று. இதை எழுத நோலன் போன்ற ஒருவருக்கு என்ன தடை என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

முக அடையாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய குற்றத்தொடர்களில் மிக மலிவாகக் கிடைக்கும் உத்தி அதுவே. உங்கள் திரையில் ஒரு முகத்தைச் சுற்றிச் சதுரக் கட்டம் விழும்; வெள்ளையோ மஞ்சளோ சிவப்போ, விழுந்தது விழுந்ததுதான். உங்கள் கதை நடந்த அதே நியூயார்க்கில், 2017 இல், பீர் திருடிய ஒருவரின் கேமராப் படம் மங்கலாக இருந்ததால் மென்பொருளுக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை. படத்தில் இருப்பவர் நடிகர் உடி ஹாரல்சனைப் போல் இருக்கிறார் என்று ஒரு துப்பறிவாளருக்குத் தோன்றவே, இணையத்தில் கிடைத்த ஹாரல்சனின் படத்தை மென்பொருளுக்குக் கொடுத்தார்கள்; அது யாரோ ஒருவரைப் பொருத்திக் காட்டியது; அவர் கைதுசெய்யப்பட்டார். ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் ஆய்வு மையம் 2019 இல் இதை வெளிக்கொணர்ந்தது. நகைச்சுவைத் தொடருக்கென்று எழுதியிருந்தால்கூடத் தயாரிப்பாளர் நம்பும்படியாக இல்லை என்று திருப்பியனுப்பியிருப்பார்.

டெட்ராய்ட்டில் நடந்தது சிரிக்கக்கூடியதன்று. 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் தம் வீட்டு வாசலில், மனைவியும் இரு சிறு மகள்களும் பார்த்திருக்க, விலங்கிடப்பட்டார். 2018 இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருட்டுப்போன வழக்கில், மங்கலான காட்சியொன்றை அவருடைய காலாவதியான ஓட்டுநர் உரிமப் படத்தோடு மென்பொருள் பொருத்தியிருந்தது. அதன்பின் நடத்தப்பட்ட படவழி அடையாள அணிவகுப்பில் அவரைச் சுட்டியவர் திருட்டை நேரில் கண்டவரே அல்லர். அதே கேமராக் காட்சியைப் பார்த்திருந்த பாதுகாப்பு ஊழியர். ஏறத்தாழ 30 மணி நேரம் வில்லியம்ஸ் காவலில் இருந்தார். மென்பொருளை மட்டும் நம்பினால் 96 விழுக்காடு ஆள்மாறிப் போகும் என்று அந்நகரக் காவல்துறைத் தலைவரே 2020 இல் ஒப்புக்கொண்டார். 2023 இல் அதே நகரில், எட்டு மாதக் கருவைச் சுமந்த ஒரு பெண் இன்னொரு பொருத்தத்தின் பேரில் கைதானார். 2024 ஜூனில் வில்லியம்ஸ் வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படியே, மென்பொருளின் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைதுசெய்யலாகாது என்னும் விதி டெட்ராய்ட்டில் வந்தது.

உங்கள் தொடரின் நேர்மைக்கு நான் இங்கே ஒரு சான்று சொல்லியாக வேண்டும். ஃபின்ச்சும் ரீஸும் எண்ணை ஒருபோதும் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த மனிதரைப் பின்தொடர்கிறார்கள், அவருடைய வேலையிடத்தையும் கடன்களையும் உறவுகளையும் அறிகிறார்கள், சில வேளைகளில் அத்தியாயம் முடியும் வரை முடிவுக்கு வராமலே இருக்கிறார்கள். டெட்ராய்ட்டில் விடுபட்டது அந்த உழைப்புத்தான். ஆனால் அதைப் பார்வையாளர்கள் ரீஸின் வீரமாக நினைவில் வைத்துக்கொண்டார்களே ஒழிய, எண் வந்தபின் கட்டாயம் செய்யவேண்டிய கடமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய தொடர்களில் அதுவும் போய்விட்டது. விசைப்பலகையைத் தட்டியதும் திரையில் முகமும் முகவரியும் வந்துவிடுகின்றன, அடுத்த காட்சியில் கதவு உடைக்கப்படுகிறது.

உங்கள் பாத்திரங்களுள் என் மதிப்பில் உயர்ந்தவர், ஃபின்ச்சுக்கும் ரீஸுக்கும் உதவும் காவல்துறைத் துப்பறிவாளர் ஃபஸ்கோ. தகவல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லப்படாமலே நான்கு பருவங்கள் ஓடியாடி உழைத்து, ஐந்தாம் பருவத்தில் இனி உண்மையைச் சொல்லாமல் வேலை வாங்க முடியாது என்று அவர் வெடிக்கிறார். பெரிய சண்டைக் காட்சிகளைவிட அந்தக் கோபம் தொடரின் அரசியலை எனக்கு நன்கு விளக்கியது. அந்தக் கோபத்துக்கு முழு உரிமையுடைய இன்னொருவர், குற்றம் சாட்டப்பட்டவர், உங்கள் கதையில் பேசவே இல்லை.

இவ்விடத்தில் உங்கள் சங்கத்தின் வரலாற்றையே உங்களுக்கு நினைவூட்டுகிறேன். 2023 இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து நீங்கள் பெற்ற ஒப்பந்தத்தில், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எழுத்தை ஓர் எழுத்தாளரிடம் கொடுத்தால் அதை நிறுவனம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்னும் விதி இருக்கிறது. இயந்திரம் தொட்ட பொருள் எது என்று அறியும் உரிமை உங்கள் பணிக்கு இன்றியமையாதது என்று வாதிட்டீர்கள், வென்றீர்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், கொள்ளை வழக்கொன்றில் நியூயார்க் காவல்துறையின் மென்பொருள் ஒருவரைப் பொருத்திக் காட்டியிருந்த நிலையில், அந்த மென்பொருளைப் பற்றியும் அதன் பிழை விகிதத்தைப் பற்றியும் அறியக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஒரு திரைக்கதையின் முதல் வரைவுக்கு நீங்கள் பெற்றுத்தந்த பாதுகாப்பு, சிறைக்குப் போகக்கூடிய மனிதருக்கு வழக்குதோறும் போராடியே கிடைக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த தொடரில் எண் தவறாக வரட்டும். சதியும் வேண்டாம், கணினிக்குள் ஊடுருவுபவரும் வேண்டாம். மங்கலான படமும் அவசரமும் போதும். கைதான அன்று கதையை முடிக்காமல், அவருடைய முதலாளிக்குத் தொலைபேசி போவதையும், பிணைத்தொகை திரட்டப்படுவதையும், காவலர் அறிக்கையில் மென்பொருள் என்ற சொல்லே இடம்பெறாததை அவருடைய வழக்கறிஞர் கண்டுபிடிப்பதையும் எழுதுங்கள். பிழை விகிதம் எவ்வளவு என்று அந்த வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேட்கும் காட்சிக்கு, உங்கள் துப்பாக்கிச் சண்டைகளுக்குத் தந்த நேரத்தில் பாதியையாவது கொடுங்கள். அரசு பொருட்படுத்தாமல் அழித்த எண்களுக்காக 103 அத்தியாயங்கள் எழுதிய உங்களுக்கு, பிழை விகிதமாகக் கழித்துவிடப்பட்ட இவரை எழுதுவது புதிய பாதையாக இராது.

இப்படிக்கு,
உங்கள் தொடரை முழுமையாகப் பார்த்த ஒரு தமிழ்ப் பார்வையாளர்