மிக்ஸ் சீடியை விற்கவேண்டாம், கொடுங்கள். கொடுக்க முதல் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர், கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் டிஜேக்கள், பல பாட்டுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டிய மிக்ஸ் சீடிகளைச் சும்மா அள்ளிக் கொடுப்பதால்தான் தொழில் படுத்துவிட்டது, ஒரு சீடியை 300 ரூபாவுக்காவது விற்கவேண்டும், சும்மா கிடைப்பதை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தார். அவரும் டிஜேயாகத்தான் இருக்கவேண்டும், அந்த வயிற்றெரிச்சல் எழுத்திலேயே தெரிந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நானும் கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு 2006 முதல் இதே தொழிலைச் செய்பவன். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த முடிவுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறேன், எப்படி வந்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2010, 2011 அளவில் நானும் விற்றேன். பகலில் ஒரு கடையில் வேலை, இரவில் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் சீடி எழுதுவது. செய்தவர்களுக்குத் தெரியும், மிக்ஸ் சீடி எழுதுவது சாதாரணப் பாட்டு சீடி எழுதுவது மாதிரி இல்லை. நீரோ என்ற சீடி எழுதும் மென்பொருளில் 'டிஸ்க் அட் வன்ஸ்' (தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுவது) என்பதைத் தெரிவு செய்ய மறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் இரண்டு செக்கன் மௌனம் விழுந்துவிடும். இரவெல்லாம் விழித்திருந்து ஒரு பாட்டின் தாளத்தை அடுத்த பாட்டின் தாளத்தோடு ஒட்டிய அதே இடத்தில் கத்தியால் வெட்டினது மாதிரி ஓர் ஓட்டை. எழுதும் வேகத்தை 52 மடங்கில் விட்டால் பழைய வான்களில் உள்ள சீடி செட்டில் பாட்டு குதிக்கும் என்று 16 மடங்குக்குக் குறைத்துவிடுவேன், அப்போது 80 நிமிட சீடி ஒன்றுக்கு ஐந்து நிமிடம், ஐம்பது சீடிக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல், இடையில் கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த தட்டு குப்பைக்கு. இவ்வளவு பாடுபட்டு ஒன்றை 150 ரூபாவுக்கு விற்றால் அதில் என்ன பிழை என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த நாட்களில் புறக்கோட்டையில் நடைபாதையில் சீடி பரப்பி வைத்திருந்த ஒருவர் என்னிடம் இருபது சீடி வாங்கிக்கொண்டு போனார். நன்றாகப் போகுது, இன்னும் வேணும் என்றால் வருகிறேன் என்று சொன்னவர் பிறகு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நன்றாகப் பாடுவார். வீட்டின் பின்னறையில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஒரு மைக்கை வைத்து, தானே எழுதி மெட்டமைத்து ஒரு பாட்டுப் பதிவு செய்திருந்தார். அதை ஒரு பென்டிரைவில் போட்டு, "அண்ணா, எங்கயாவது பார்ட்டியில போடுங்கோ" என்று முன்பே எனக்குத் தந்திருந்தார். நான் பார்ட்டியிலும் போட்டேன், சீடியிலும் போட்டேன். அன்றைக்கு அவர் கையில் இருந்தது என் சீடி இல்லை. என் சீடியைக் கொப்பி அடித்து எடுத்த சீடி. கவரைக்கூட போட்டோ கொப்பி எடுத்திருந்தார்கள், என் முகம் கறுப்பு மையில் அப்பிப்போய் இருந்தது. 80 ரூபாவுக்கு அந்த நடைபாதைக் கடையில் வாங்கியதாகச் சொன்னார்.

"அண்ணா, நாலாவது என்ட பாட்டு. உங்கட பேர்தான் போட்டிருக்கு. என்ட குரலும் சின்னப் பிள்ளைட குரல் மாதிரி இருக்கு."

குரல் ஏன் அப்படி இருந்தது என்றால், முன்பாட்டோடு தாளம் சேரவேண்டும் என்று நிமிடத்துக்கு 96 தாள அடியில் இருந்த அவருடைய பாட்டை 104க்கு ஏற்றியிருந்தேன். சுருதி மாறாதபடி பூட்டிவைக்காமல் வேகத்தை ஏற்றினால் குரலும் கூடவே ஏறும், ஒரு சுரத்தானத்துக்கு மேலேயே ஏறிவிட்டது. பார்ட்டியில் நூறு பேர் ஆடும்போது அது யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, பாடியவர் அவர்தானே.

எனக்கு முதலில் வந்தது அந்தக் கடைக்காரர் மேல் கோபம். என் சீடியைக் களவாக அடித்து விற்கிறானே என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரில் அந்தத் தம்பி நிற்கும்போது அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. கடைக்காரர் எனக்குச் செய்ததை நான் அந்தத் தம்பிக்கு ஏற்கெனவே செய்திருந்தேன், அதுவும் கூடுதல் விலைக்கு. அன்றோடு விற்பதை விட்டேன்.

விற்பதை விட்டுவிட்டுச் சும்மா கொடுக்கத் தொடங்கியதும் மனம் சுத்தமாகிவிட்டது என்று சில வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நம்மில் பலர் 'காசு வாங்கவில்லை, அதனால் குற்றமில்லை' என்று நம்புகிறோம். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கொப்பி எடுப்பதும் அதைப் பொதுமக்களுக்கு விநியோகிப்பதும் உரிமையாளருக்கு உரிய காரியங்கள், அதை விலைக்குச் செய்தாலும் சும்மா செய்தாலும். பாட்டை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அவர்களின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும், ஒலிப்பதிவுக்கு 50 வருடமும் பாதுகாப்பு இருக்கிறது. தெரிந்துகொண்டே மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபா வரை தண்டம், இரண்டும்கூட விதிக்கலாம். இந்தியப் பாட்டுத்தானே, இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்பதும் செல்லாது, நாடுகள் ஒன்றின் படைப்புரிமையை மற்றொன்று மதிக்கச் செய்துகொண்ட பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959இலேயே சேர்ந்துவிட்டது, அங்கே உரிமை உள்ள பாட்டுக்கு இங்கேயும் உரிமை உண்டு. யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. மேடையில் போடுவதற்கும் உரிமை, கட்டணம் என்று இருக்கிறது, அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதமாகிவிடும்.

வெளிநாட்டில் மிக்ஸ் சீடி விற்கிறார்களே என்று கேட்பார்கள். விற்கிறார்கள், எப்படி விற்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். லண்டனில் ஃபேப்ரிக் என்ற க்ளப் 2001இல் தொடங்கி வருடக்கணக்காக மிக்ஸ் சீடிகளை வெளியிட்டது, ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமை வாங்கி, உள்ளட்டையில் யார் பாட்டு, எந்தக் கம்பனி என்று போட்டு. அப்படி விற்றால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது? 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் டிஜே டிராமாவின் ஸ்டூடியோவுக்குள் பொலிஸ் புகுந்து சுமார் 81,000 சீடிகளை அள்ளிக்கொண்டு போனது, அவரையும் கூட வேலை செய்த டொன் கெனனையும் கைது செய்தது. அந்த சீடிகளில் பாடியிருந்தவர்கள் பலர் பெரிய கம்பனிகளின் பாடகர்கள், தங்கள் பாட்டை மிக்ஸ்டேப்பில் (மிக்ஸ் சீடிக்கு அங்கே சொல்லும் பெயர்) போடச் சொல்லித் தாங்களே கொடுத்தவர்கள். அப்படிக் கேட்டு வாங்கிப் போட்ட சீடிக்கே அந்தக் கதி.

நம்முடைய பெடியன்கள் அடிக்கடி மாயா அருள்பிரகாசத்தை இழுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டன் போன நம் பிள்ளை, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகமே கேட்டது, அவரும் மிக்ஸ்டேப் போட்டுத்தானே மேலே வந்தார் என்பார்கள். உண்மைதான், 2004இல் டிப்ளோ என்ற அமெரிக்க டிஜேயோடு சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் செய்தார், மற்றவர்களுடைய பாட்டுகளும் அதில் அனுமதி இல்லாமல்தான் இருந்தன, முதல் அல்பம் வந்தது அடுத்த வருடம் 2005இல். ஆனால் அந்த மிக்ஸ்டேப்பில் மேலே நின்றது அவருடைய சொந்தக் குரல், அவருடைய சொந்தப் பாட்டு. என்னைக் கேளுங்கள், நான் இப்படித்தான் பாடுவேன் என்று சொல்வதற்காகப் பரவவிட்டது அது. பேர் வந்தபிறகும் 2010 டிசம்பர் 31இல் இன்னொரு மிக்ஸ்டேப்பை இணையத்தில் சும்மாதான் கொடுத்தார். நாம் விற்பதில் நம்முடைய குரல் எங்கே இருக்கிறது? இரண்டு பாட்டுக்கு நடுவில் நம் பெயரைச் சொல்லும் அந்த எக்கோ போட்ட சத்தம் மட்டும்தான்.

ஒட்டுவதும் ஒரு கலைதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, கிழவிகள் எழும்பி ஆட எதைப் போடவேண்டும், சாப்பாடு பரிமாறும்போது சத்தத்தை எவ்வளவு இறக்கவேண்டும், இதெல்லாம் பதினைந்து இருபது வருடத்தில் கையில் வந்து ஏறுகிற விஷயம். அதற்குக் காசு உண்டு. அந்த இரவுக்கு வாங்குங்கள், நன்றாக வாங்குங்கள், பேரம் பேசினால் விட்டுக்கொடுக்காதீர்கள். சவுண்ட், லைட், வான் வாடகை, தூக்க இரண்டு பெடியன்கள், எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வாங்குங்கள். கடிதம் எழுதிய வாசகர் சொன்ன நட்டம் அங்கேதான் நடக்கிறது, ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டு இரவுச் சம்பளத்தைக் குறைப்பதில். அந்தப் பள்ளத்தை 300 ரூபா சீடி நிரப்பாது.

சீடி என்பது எனக்கு விசிட்டிங் கார்ட் மாதிரி. சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு கல்யாணத்தில் வாசலில் பலகாரப் பெட்டியோடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று கொடுத்தோம். ஒரு வயதான அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு சீடியை மட்டும் திருப்பி நீட்டினார், "தம்பி, இது எவ்வளவு? என்னட்ட சில்லறை இல்லை" என்று. காசு வேண்டாம் அம்மா என்றதும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏ.ஈ. மனோகரன் பெயரைக் கண்டுபிடித்து, பக்கத்தில் நின்ற மகளிடம் காட்டினார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார், அவர் பாடிய சுராங்கனி இல்லாமல் இந்த நகரத்தில் ஒரு கல்யாணமும் முடிவதில்லை. அந்த அம்மா என் பெயரைத் தேடவில்லை, பாடியவரின் பெயரைத்தான் தேடினார். அப்படியிருக்க, பாட்டுக்காரர் பெயரே இல்லாமல் டிஜேயின் பெயரையும் படத்தையும் மட்டும் போட்டு எத்தனை சீடி அடித்திருக்கிறோம்.

இப்போது நான் செய்வது இதுதான். சினிமாப் பாட்டு மிக்ஸ் மேடையோடு நிற்கும், சீடியில் போவதில்லை. சீடியில் இங்கே உள்ள நம் பிள்ளைகளின் பாட்டு மட்டும், கொழும்பு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மலையகம் என்று எங்கே இருந்தாலும், ஒவ்வொருவரையும் கேட்டுத்தான். போனில் சரி என்று சொன்னால் போதாது, ஒரு மெசேஜாவது எழுத்தில் அனுப்பச் சொல்வேன். வேகத்தை மாற்றுவதாக இருந்தால் மாற்றியதை முதலில் அவருக்கு அனுப்பிக் கேட்கவைப்பேன். கவரில் பாடியவர், எழுதியவர், மெட்டுப் போட்டவர் பெயர்கள் முன்பக்கம், என் பெயர் பின்பக்கம். கல்யாண வீட்டார் இருநூறு வேண்டும் என்றால், வெற்று சீடியையும் கவர் அச்சையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிடுவேன், அதில் என் கைக்கு ஒரு சதமும் வராது. யாராவது இதை விற்றே ஆகவேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, அதில் உள்ள எல்லோரும் உட்கார்ந்து பேசி, வருகிற காசைப் பங்கு பிரித்து, அதை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு விற்கட்டும். அப்படி ஒரு சீடி வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

சீடியே போய்விட்டது, இப்போது எல்லாம் பென்டிரைவும் யூடியூப்பும் என்று சொல்பவர்களுக்கு: எங்கள் ஒழுங்கையில் ஓடுகிற பள்ளிக்கூட வான் மூன்றில் இன்னும் சீடி செட்தான் இருக்கிறது. பென்டிரைவில் கொடுத்தாலும் கேள்வி அதேதான்.

அந்தத் தம்பி இப்போது வெளிநாட்டில். போன வருடம் அவருடைய அந்தப் பழைய பாட்டைச் சீடியில் போட அனுமதி கேட்டு அவருக்கு எழுதினேன், இந்தமுறை 96இலேயே விடுகிறேன், மற்றப் பாட்டுகள் அதற்கு ஏற்ற மாதிரி வரட்டும் என்று. சம்மதம் அனுப்பினார், கூடவே முட்டை அட்டை ஒட்டிய அந்தப் பின்னறையின் படம் ஒன்றும்.

அடுத்த மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணம், இருநூறு சீடி, பதினெட்டுப் பாட்டு. பதினைந்து பேர் சரி என்று எழுதிவிட்டார்கள். மீதி மூன்று பேரின் பதில் வரும்வரை சீடி எழுதத் தொடங்கமாட்டேன், வராவிட்டால் பதினைந்து பாட்டோடு சீடி போகும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு டிஜே
கொழும்பு 13