முன்னோர் பேரு தேடுறவங்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம். புதுச்சேரில பூர்வீகம் தேடுறவங்க எடுத்ததுமே ஆபீஸ் ஆபீஸா அலையாதீங்க, முதல்ல வீட்டு பெருசுங்கள உக்கார வச்சு கேளுங்க. வருஷம் கேட்டா வராது, "புயல்ல பூவரசு சாஞ்சுதே, அதுக்கு அடுத்த ஆடில பொறந்தான்"னு எங்க அத்தை சொல்ற மாதிரிதான் வரும், நாமதான் அதை வச்சு வருஷத்த புடிக்கணும்.

அப்புறம், பிரெஞ்சு காலத்து பிறப்பு, கல்யாண, இறப்பு பதிவு நிறைய பிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ்ல இருக்கற ஆவணக் காப்பக வெப்சைட்லயே ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா போட்டிருக்காங்க, ஆனா எல்லாம் கையெழுத்து, கண்ணு பூத்துரும். நம்ம 'உ'வுக்கு பிரெஞ்சுல ரெண்டு எழுத்து (ou) போடுவாங்க, அதனால முருகேசன இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல தேடினா சிக்கவே மாட்டார். 1881 பிரெஞ்சு அரசாணைக்கு அப்புறம் ரெனோன்சான் ஆன, அதாவது சாதி, மத வழக்கச் சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்த ஏத்துக்கிட்ட குடும்பங்க புதுசா குடும்பப் பேரு எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு முந்தி பழைய பேர்லதான் பாக்கணும் (இது தெரியாம பாதி பேரு அங்கயே விட்டுடறாங்க).

கடலூர்ல பொண்ணு எடுத்த வீடா? அது பிரிட்டிஷ் ஏரியா, அந்தப் பக்க பழைய நிலக் கணக்குக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்த விசாரிங்க. பழைய பிரெஞ்சு கையெழுத்து படிக்க சனிக்கிழமைல யாராச்சும் லைப்ரரில சொல்லிக் குடுத்தா புண்ணியமா போகும், உங்க பேப்பர் மூலமா கேட்டுப் பாருங்க சார்.

– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை