நீக்குவதென்றால் காரணம் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

ஸ்டீம், இட்ச்.ஐஓ இணையக் கடைகள் கேம்களை நீக்கியதை எதிர்த்துச் சிறு படைப்பாளிகள் குரல் எழுப்புவது பற்றிய செய்தியைப் படித்தேன். 2025 ஜூலையில் 'கலெக்டிவ் ஷவுட்' என்ற ஆஸ்திரேலிய அமைப்பு, பாலியல் வன்முறையைக் காட்டும் கேம்கள் குறித்துப் பணப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்கு எழுதியது. பணம் வரும் வழி அடைபட்டுவிடும் என்று அஞ்சிய இட்ச்.ஐஓ, வயதுவந்தோருக்கான படைப்புகள் அனைத்தையும் முன்னறிவிப்பின்றித் தேடலில் இருந்து மறைத்தது. வன்முறையைக் கொண்டாடும் கேம்களுக்காக நான் வாதாடவில்லை. அவற்றை விற்க மறுக்கக் கடைக்கு முழு உரிமை உண்டு. சரி, இங்கே முடிவெடுத்தது யார்? தாங்கள் எந்த கேமையும் மதிப்பிடவில்லை என்றது மாஸ்டர்கார்டு. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமோ, தனக்கும் மாஸ்டர்கார்டுக்கும் நடுவே பணத்தைக் கையாளும் இடைநிலை நிறுவனங்கள் மாஸ்டர்கார்டின் விதியைத்தான் சுட்டிக்காட்டின என்றது. பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. வருமானத்தை இழந்தவர் மட்டும் தனியாளாக உட்கார்ந்து கேம் உருவாக்கியவர்.

நானும் ஓய்வு நேரத்தில் கேம் செய்பவன். குடும்ப வன்முறையில் இருந்து மீளும் பெண்ணைப் பற்றிய என் கேமை ஒரு கடை நீக்கியபோது, 'கொள்கைக்கு முரணானது' என்று ஒற்றை வரி மின்னஞ்சல்தான் வந்தது. எந்தக் காட்சி, எந்த விதி என்று கேட்டும் பதில் இல்லை, சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன். பணப் பரிவர்த்தனை நிறுவனங்கள் எவற்றை ஏற்காது என்பதை முதலில் வெளிப்படையாக அறிவிக்கட்டும். கடைகளும் நீக்குவதற்கு முன் மீறப்பட்ட விதியைக் குறிப்பிட்டு, ஒரு மாத அவகாசமும் மேல்முறையீட்டு வழியும் தர வேண்டும். ஏற்கெனவே விற்ற பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது.