நம்ம ஒலிப்பதிவு சங்கத்தோட ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வராதவங்களுக்காக இதையே குரூப்லயும் போடுறேன், தயவுசெஞ்சு படிங்க.

மாசக் கூட்டம் பத்து நடந்துச்சு, ரெண்டு மழையில நின்னு போச்சு. பொங்கலுக்கு காரைக்குடியில எல்லாரும் சேந்து சாப்பிட்டோம். ஆயுத பூஜை வழக்கம்போல. 1940கள்ல ஏவிஎம் ஸ்டூடியோ இருந்த தேவகோட்டை ரஸ்தாவுக்கு ஒருநாள் போய்ட்டு வந்தோம்.

இப்ப தாலாட்டு பதிவு விஷயம், இத கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். நம்ம பக்கத்து ஆச்சிமார் பாடுற தாலாட்ட அவங்க இருக்கும்போதே பதிவு பண்ணி வைக்கணும்னு நான்தான் ஆரம்பிச்சேன். முதல் பதிவு பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்டு பட்டாலையில (முன்கூடத்துல), அன்னைக்கு நான் ஊர்ல இல்ல, போன உறுப்பினர்கள் ஆச்சிய ரெண்டு வரி மெதுவா பாடச் சொல்லி சத்தத்த காட்டுற மீட்டர் உச்சிக்கு பக்கத்துல நிக்கிற மாதிரி கெயின, அதாவது மைக்ல வர்ற சத்தத்த பெருசாக்குற அளவ, ஏத்தி வச்சிட்டாங்க. மாமன் சீர் கொண்டு வர்ற இடத்துல ஆச்சி குரல் ஏறுச்சு, அந்த இடம் பூரா செவப்பு. டிஜிட்டல்ல உச்சி 0 டெசிபல், அதுக்கு மேல இடமே கிடையாது, அலையோட தலை வெட்டுப்பட்டுரும், அப்புறம் மிக்ஸ்ல, அதாவது எல்லா சத்தத்தையும் சேக்கும்போது, எவ்வளவு கொறச்சாலும் கரகரப்பு போகாது, சத்தம் கம்மியான கரகரப்பா கேக்கும், அவ்வளவுதான். ஆச்சிய மறுபடி பாடச் சொன்னோம், பாடுனாங்க, ஆனா அந்த பாட்டு வரல. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.

கேசட் காலத்துல டேப் இரைச்சல் தெரியக்கூடாதுன்னு லெவல ஏத்தி வச்ச பழக்கம் நம்மள்ல நெறைய பேருக்கு இன்னும் போகல. டிஜிட்டல்ல 16 பிட்டுக்கே (பிட்டுங்கிறது பதிவோட நுணுக்கம்) கணக்குப்படி இரைச்சலுக்கும் உச்சிக்கும் நடுவுல 96 டெசிபல் இடம் இருக்கு, 24 பிட்டுக்கு 144, அதனால பயப்படாம 24 பிட்ல வச்சு குரல் சராசரியா மைனஸ் 18 டெசிபல் பக்கம், உச்சம் மைனஸ் 12 இல்ல 10ஐ தாண்டாம வைங்க, சின்னதா தெரிஞ்சா பின்னாடி ஏத்திக்கலாம். லெவல் பாக்கும்போது பாட்டுலயே சத்தமான வரிய பாடச் சொல்லிப் பாருங்க, ஹலோ ஹலோ வேண்டாம். நெஜப் பதிவுல எல்லாரும் இன்னும் கூடத்தான் பாடுவாங்க. இன்னொண்ணு, ஆத்தங்குடி தரைக்கல்லும் சுண்ணாம்புச் சுவரும் இருக்கிற பட்டாலையில கெயின ஏத்துனா குரலோட சேந்து எதிரொலியும் ஏறும், மைக்க பக்கத்துல கொண்டு போங்க, தூரத்த பாதியாக்குனா குரல் மட்டும் ஒரு 6 டெசிபல் கூடும். கீழ ஜமக்காளம், பின்னாடி மெத்தை, ஃபேன் நிறுத்தணும்.

இதையெல்லாம் சொல்லிக் குடுக்க ஞாயித்துக்கிழமை வகுப்பு மூணு வச்சேன், முதலுக்கு நாலு பேர், கடைசிக்கு ஒருத்தர். மிக்ஸ்லயும் இதே தப்புதான் நடக்குது, குரல் கேக்கலைன்னு குரல ஏத்துறாங்க, அப்புறம் தம்புரா கேக்கலைன்னு அதையும் ஏத்துறாங்க, கடைசியில மாஸ்டர், அதாவது எல்லாம் சேந்து வர்ற மொத்த லெவல், செவக்குது. மத்தத கொறைங்க, மாஸ்டர் மைனஸ் 6 பக்கம் நிக்கட்டும். சத்தமா வச்சு ஏத்துனா யூடியூப் அத மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு கேக்குற சராசரி சத்தத்தோட அளவு) பக்கம் எறக்கிரும், அடி வாங்குன பாட்டு அடி வாங்குனதாவே இருக்கும், லாபம் ஒண்ணும் இல்ல. வகுப்புக்கு வராதவங்கதான் குரூப்ல ஏன் கரகரங்குதுன்னு கேக்குறாங்க, இத வருத்தத்தோட சொல்றேன்.

வரவு செலவு பொருளாளர்கிட்ட இருக்கு, வேணுங்கிறவங்க பாத்துக்கலாம். ரெண்டு மைக் ஸ்டாண்டும் ஒரு கேபிளும் வாங்குனது போக கொஞ்சம் கையிருப்பு. பாதிக்கு மேல உறுப்பினர்கள் சந்தா தரல, சிலர் ரெண்டு வருஷமா. மைக்க கம்ப்யூட்டரோட சேக்குற இன்டர்ஃபேஸ் பொட்டிய என் சொந்தக் காசுல ரிப்பேர் பண்ணேன், கேக்குறதுக்காக சொல்லல.

பட்டாலை குடுத்த வீட்டுக்காரங்களுக்கும், காப்பி பலகாரம் குடுத்த ஆச்சிமாருக்கும், தலைவர் அண்ணனுக்கும், பொருளாளருக்கும் சங்கத்தோட நன்றி.

அடுத்த வருஷம் நானே செயலாளரா இருக்கணும்னு இல்ல, முன்வர்றவங்க கிட்ட சாவிய சந்தோஷமா குடுப்பேன். ஆனா கோவிலூர் பக்கம் ஒரு ஆச்சி இருக்காங்க, வயசு எண்பதுக்கு மேல, பதினாலு தாலாட்டு தெரியும்கிறாங்க, காலையில மட்டும்தான் குரல் நிக்குது. தை முடியிறதுக்குள்ள போகணும். மெத்தை தூக்க ரெண்டு பேர், மீட்டர விட்டு கண்ண எடுக்காம உக்கார ஒருத்தர் வேணும். பேர இன்னைக்கே குடுங்க.