கிழக்கு இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களுக்கு ஒரு தமிழ்க் கையேடு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் வட்டாரங்களில் உள்ள பழைய கிராமத் தேவாலயங்களைப் பார்த்துவருவதற்காகச் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய எங்கள் குழு, அவற்றைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு அச்சிட முடிவுசெய்து, அதற்கான பொருளுதவியை வேண்டி இம்மடலை எழுதுகிறது.

முதல் பயணங்களில் நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு தேவாலயத்தில், சுவருக்குள்ளேயே குடைந்து ஏறும் ஒடுக்கமான கற்படிக்கட்டு ஆளுயரத்துக்கு மேல் ஒரு சிறு வாசலில் முடிந்தது. வாசலுக்கு அப்பால் ஒன்றுமில்லை. எங்களில் ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை. படம் எடுத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டோம். மக்கள் நிற்கும் கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் இடையே இடைக்காலத்தில் சித்திரம் தீட்டிய மரத் தடுப்பும், அதன்மேல் சிலுவைக் காட்சி தாங்கிய ஒரு பரணும் இருந்தன என்பதையும், 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தில் பரண்கள் இறக்கப்பட்டபோது கல்லில் கட்டிய படி மட்டும் தங்கிவிட்டது என்பதையும் பின்னர்தான் அறிந்தோம். அந்தத் தடுப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை அறிய நார்ஃபோக்கின் ரான்வொர்த் ஊருக்குப் போனால் போதும். 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய புனிதர்கள் அங்கே இன்னும் வரிசையாக நிற்கிறார்கள்.

இடைக்காலத்தில் கட்டிய தேவாலயங்கள் நார்ஃபோக்கில் மட்டும் 650க்கு மேல் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் 120க்கு மேற்பட்டவற்றின் கோபுரம் சதுரமாக இல்லாமல் வட்டமாக இருக்கும். இந்த மண்ணில் கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் இல்லை. கிடைப்பது உருவம் சீரற்ற சிக்கிமுக்கிக் கல். மூலை திருப்ப வேண்டுமானால் செதுக்கிய கல்லைத் தொலைவிலிருந்து படகில் கொண்டுவர வேண்டும். வட்டத்துக்கு மூலையே இல்லை. காரணம் இதுதானா, வட கடலுக்கு அப்பாலிருந்து வந்த பழக்கமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கையேட்டில் இரு தரப்பையும் எழுதியிருக்கிறோம்.

பர்ன்ஹாம் டீப்டேல் ஊரின் 12ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றி மட்டும் ஐந்து பக்கம் எழுதிவிட்டோம். குறைக்க மனம் வரவில்லை. அச்சதுரத் தொட்டியின் மூன்று பக்கங்களில், பக்கத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்களின் வேலைகள் செதுக்கப்பட்டுள்ளன. மார்ச்சில் மண்ணைக் கொத்துகிறார்கள், ஜூலையில் புல் அறுக்கிறார்கள், ஆகஸ்டில் கதிர்க்கட்டு, செப்டம்பரில் சூடடிப்பு, நவம்பரில் பன்றி வெட்டு, டிசம்பரில் விருந்து. வயல் தெரிந்த எங்கள் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல எவரும் தேவைப்படவில்லை.

சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் இறுதித் தீர்ப்பைத் தீட்டிய பெரிய மரப்பலகை இருக்கிறது. சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டிருந்த அதை, 1892இல் தேவாலயத்தைப் பழுதுபார்த்தபோது வேண்டாத பலகை என்று கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். இரவு பெய்த மழை சுண்ணாம்பைக் கழுவ, உள்ளிருந்த ஓவியம் வெளியே தெரிந்தது. அருகிலுள்ள பிளைத்பர்க்கிலோ கதை வேறு. கூரையின் மரத் தேவதூதர்களில் பதிந்த ஈயக்குண்டுகளை, 1644இல் உருவங்களை அழிக்க வந்த வில்லியம் டவ்சிங்கின் ஆட்கள் சுட்டவை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அவை 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் புகுந்த காக்கையினப் பறவைகளைச் சுட்டதில் பட்டவை. முதல் கதையை நாங்களும் நம்பிப் பலரிடம் சொல்லியிருக்கிறோம்.

எழுத்துப் பணியில் எங்களை மிகவும் நிறுத்தி வைத்தவை சொற்களே. சுவரிலிருந்து நீண்டு கூரை விளிம்பைத் தாங்கும் செதுக்குக் கல்லைப் போதிகை எனலாமா என்பதில் இரண்டு கூட்டங்கள் கழிந்தன. தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்குவதே போதிகை என்பதால், இதற்குச் சுவர்த்தாங்கி என்று பெயரிட்டு, போதிகையின் வடிவைக் கொண்டு நம் கோயில்களின் காலத்தைக் கணிப்பது போல இங்கும் சாளர வடிவைக் கொண்டு காலம் சொல்லலாம் என ஒரு குறிப்புச் சேர்த்தோம். கத்தோலிக்கர் திருமுழுக்குத் தொட்டி என்பதையும் மற்றவர்கள் ஞானஸ்நானத் தொட்டி என்பதையும் இரண்டாகவே வைத்திருக்கிறோம். எங்கள் குழுவில் சைவரும் கிறிஸ்தவரும் எம்மதமும் சாராதவரும் உள்ளனர். இது எச்சமயத்துக்கும் ஆள் சேர்க்கும் நூல் அன்று.

144 பக்கங்களில் நாற்பது தேவாலயங்களை விளக்கும் இக்கையேட்டில், தரைப்பட வரைபடங்களும் கலைச்சொல் அகராதியும் இருக்கும். கதவு பூட்டியிருந்தால் சாவி எந்த வீட்டில் இருக்கும் என்பதை வாசல் மண்டபத்து அறிவிப்பில் எப்படித் தேடுவது, வழிபாட்டு வேளையில் எப்படி நடந்துகொள்வது என்பன போன்ற நடைமுறைக் குறிப்புகளும் உண்டு. ஆயிரம் படிகள் அச்சிட 3,200 பவுண்டும், வரைபடங்களுக்கு 900 பவுண்டும், தேவாலயக் கட்டடக்கலை அறிந்த ஒருவர் முழுவதையும் சரிபார்க்க 500 பவுண்டும், கைப்பிரதியை நேரில் வைத்துச் சோதிக்க இரண்டு பேருந்துப் பயணங்களுக்கு 1,200 பவுண்டும் ஆக 5,800 பவுண்டு தேவை. உறுப்பினர்கள் 1,900 பவுண்டு சேர்த்துவிட்டோம். மீதி 3,900 பவுண்டையே உங்களிடம் கேட்கிறோம்.

தமிழ்ப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கையேடு இலவசம். மற்றவர்களுக்கு ஐந்து பவுண்டு. விற்பனையில் வரும் தொகை முழுவதும், நாற்பது தேவாலயங்களின் காணிக்கைப் பெட்டிகளுக்குப் பகிர்ந்து போய்ச் சேரும். இக்கட்டடங்களின் பராமரிப்பு பெரும்பாலும் அந்தந்தப் பங்கு மக்களின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடும் ஊரில் ஈயக்கூரை ஒழுகினால் அந்தப் பத்துப் பேரே பணம் திரட்ட வேண்டியிருக்கிறது.

ஐந்து பவுண்டானாலும் ஐந்நூறானாலும் மகிழ்வோடு ஏற்போம். ஐம்பது பவுண்டும் அதற்கு மேலும் தருவோரின் பெயரை, அவர்கள் விரும்பினால், நூலின் இறுதிப் பக்கத்தில் அச்சிடுவோம். பணம் தர இயலாதவர்கள் பயண நாட்களில் முதியவர்களைத் தங்கள் காரில் அழைத்துவர முன்வந்தால் அதுவும் பேருதவி. இவ்வூர்கள் பலவற்றுக்கு ஞாயிறன்று பேருந்து கிடையாது. நன்கொடைகள் ஜனவரி 31ஆம் நாளுக்குள் பொருளாளரிடம் வந்து சேர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டுத் தரப்படும். அச்சு முடிந்த ஒரு மாதத்தில் வரவு செலவுக் கணக்கை, கொடுத்த எல்லோருக்கும் அனுப்பிவைப்போம். தொகை நிரம்பாவிட்டால் வண்ணப் படங்களைக் குறைத்து அச்சிடுவோமே தவிர, வாங்கிய பணத்தை வேறு எதற்கும் செலவிடமாட்டோம்.

இங்ஙனம்,
கையேட்டுக் குழுவினர்