2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, போஷகர் ஐயா அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நிர்வாக சபை வழமைபோல் கூடியது. கல்லடிக் கடற்கரைச் சிரமதானமும் மாணவர் சித்திரப் போட்டியும் நடந்தன. புத்தாண்டு ஒன்றுகூடல் வரவு போதாமல் கைவிடப்பட்டது.

விழாக்களில் விட்ட வெள்ளைப் புறாக்களை நாம் எடுத்துக் கூட்டில் பராமரிக்கும் விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப்பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேசப்பட்டவை என் காதுக்கும் வந்தன.

விளையாட்டுப் போட்டி, கல்யாணம், திறப்பு விழா எல்லாவற்றிலும் புறா விடுகிறார்கள். பழக்கிய பந்தயப் புறா என்றால் வீடு திரும்பும். மேடைக்கு வருபவை பெரும்பாலும் கூட்டிலேயே பொரித்து வளர்ந்தவை. இரை தேடத் தெரியாது, பருந்துக்கு ஒதுங்கத் தெரியாது, வெள்ளை நிறமே காட்டிக்கொடுத்துவிடும். 2014 ஜனவரியில் வத்திக்கானில் பாப்பரசரின் பக்கத்தில் நின்ற சிறுவர்கள் விட்ட புறாக்களைக் கடற்காகமும் காகமும் பாய்ந்து கொத்தின. மறு வருடம் அங்கே பலூன் விட்டார்கள். நாம் இன்னும் புறாதான் விடுகிறோம்.

பெப்ரவரியில் கல்லடிப் பாலத்தடியில் பிடித்த புறாவுக்கு ஒரு பக்கச் சிறகு வெட்டப்பட்டிருந்தது. காலில் கட்டிய மினுங்கல் நாடா இறுகி ஒரு விரல் கறுத்துப்போயிருந்தது. நாடாவை நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுத்தோம். விரல் போய்விட்டது, பறவை பிழைத்தது. வெட்டுப்பட்ட இறகு உதிர்ந்து புதிது முளைக்க மாதக்கணக்காகும். அதுவரை வைத்திருக்கக் கூடு வேண்டாமா?

சங்கக் காசில் செயலாளர் தன் வளவில் கூடு கட்டிவிட்டார் என்கிறார்கள். பொதுக்கூட்டத்தில் கூட்டுக்கு இடம் கேட்டேன், யாரும் தரவில்லை. கூட்டக் குறிப்பில் இருக்கிறது. மரநாயும் பாம்பும் புகாத சிறுகண் வலை விலை கூடியதுதான். புறா இட்ட முட்டையை எடுத்துவிட்டு மரத்தில் செய்த பொய்முட்டை வைப்பது பாவம் என்றும் சொன்னார்கள். சோடிக்கு இரண்டாகப் பொரிக்கவிட்டால் தீனிக்கு எங்கே போவது?

புறாவைக் கண்டெடுப்பவர்கள் தயவுசெய்து வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது அலகை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். தட்டையான பாத்திரத்தில் வையுங்கள். பாண் வேண்டாம், பயறும் நெல்லும் போதும்.

என்னை மிகவும் நோகச் செய்தது, நமது உறுப்பினர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்திலேயே புறா விட்டதுதான். பெயர் சொல்லவில்லை. அந்தப் புறாக்களில் ஒன்று இப்போது நம் கூட்டில்தான் இருக்கிறது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். தீனிச் செலவு எதிர்பார்த்ததைத் தாண்டிவிட்டது, கையிருப்பு சொற்பம். சந்தா பாதிப்பேரிடம் நிலுவை. கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் கடிதம் போட்டேன், தொலைபேசியிலும் கேட்டேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

கட்டணம் வாங்காமல் பார்த்த மிருக வைத்தியருக்கும், தீனி கடனுக்குத் தந்த கடைக்காரருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே செயலாளராக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் முதலாம் தவணை விளையாட்டுப் போட்டிகள் தொடங்கப்போகின்றன. கூட்டின் சாவி யாரிடம், காலைத் தீனி யார் பொறுப்பு என்பதை இன்றைய கூட்டம் கலையுமுன் தீர்மானித்துத் தாருங்கள். சந்தாப் புத்தகம் வாசலில் மேசைமேல் இருக்கிறது.

செயலாளர்